காக்கை வராத கருமாதி

என் வேலை இறகு வரைவது. வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் சொல்வதில்லை. மலேசியாவில், ஜொகூர் பாருவில் கணினி விளையாட்டுகளுக்குப் படம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனம் எனக்குச் சம்பளம் தருகிறது. வெளிநாட்டு விளையாட்டு ஒன்றில் வரும் போர்த் தெய்வத்துக்குக் காக்கை இறகால் ஆன மேலங்கி. ஒவ்வோர் இறகின் மினுமினுப்பு, நுனிக் கிழிசல், காற்றடித்தால் எந்தப் பக்கம் தூக்கும், எல்லாம் என் தலையில். பெர்மாஸ் ஜெயாவில் மாமனார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு வருடத்துக்கும் மேலாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்தத் தெய்வம் அயர்லாந்துக்காரி. பெயர் மோரிகன். சில கதைகளில் ஒருத்தி, சிலவற்றில் அக்கா தங்கை மூன்று பேர். வாளெடுத்து வெட்டுவதெல்லாம் அவளுக்குக் குறைவுதான். போர்க்களத்துக்கு மேலே காக்கையாகச் சுற்றி ஒரு கூச்சல் போடுவாள், கீழே நிற்கிற படையில் பாதிப் பேருக்குக் கை கால் உதறிவிடும். யார் சாவான் என்பது அவளுக்கு முன்னாலேயே தெரியும். இப்படிப்பட்டவளுக்கு வாடிக்கையாளர் அனுப்பிய குறிப்பு என்ன தெரியுமா? இடுப்பு தெரிய வேண்டும், மார்பு இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். சாவைச் சொல்ல வருகிறவளுக்கு எதற்கடா இடுப்பு? சீ என்று ஆகிவிட்டது எனக்கு. ஆனால் இடுப்பு வேறொருவர் வேலை, என் வேலை இறகு. வாயை மூடிக்கொண்டு இறகு வரைந்தேன்.

படிக்கச் சொல்லிக் கொஞ்சம் கதைகளும் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று என்னை விடவே இல்லை. ஆற்றுத்துறையில் ஒரு பெண் குனிந்து துணி துவைத்துக்கொண்டிருப்பாள். துணி முழுக்க இரத்தம். போருக்குப் போகிறவன் நின்று, யாருடைய துணி என்று கேட்பான். உன்னுடையதுதான் என்பாள். அன்றைக்கே அவன் செத்துப்போவான். அந்தப் பெண்ணும் இந்தத் தெய்வத்தின் ஒரு வடிவமாம், அவளைப் பார்த்தாலே அபசகுனமாம். படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய அழுக்கை அவள் கசக்குகிறாள், கெட்ட பெயரும் அவளுக்கே. ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்றால், அதைப் படிக்கும்போது என் ஜன்னலுக்கு நேர் கீழே, பின்பக்கக் குழாயடியில், என் மாமியார் குனிந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் பக்கவாதத்தில் விழுந்து படுக்கையில் இருந்த காலம் அது. தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். நல்ல மனிதர் என்று எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, முழுக்கப் பெயர். ஊருக்கு நல்லவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. வீட்டில் தட்டு பறக்கும். பெரியவர்களுக்கான டயப்பரைக் கட்டிவிட்டால் நல்ல கையால் பிய்த்து எறிவார். "நான் என்ன பாப்பாவா?" என்பார் அரைகுறையாய்க் குழறி. அதனால் விரிப்பு, லுங்கி, பழைய சேலைத் துண்டு எல்லாம் நாளெல்லாம் குழாயடிக்குப் போகும். அப்படியே இயந்திரத்தில் போட முடியாது, முதலில் கையால் அலச வேண்டும். அந்த நாற்றத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் விரும்பவில்லை. நான் போய் வாளியைப் பிடித்தால் மாமியார் தட்டிவிடுவார். "நீ மேல போயி வேலையப் பாரு. ரெண்டு பேர் கையும் நாறணுமா?"

மாமனாருக்கு ஒரு தங்கை, மெர்சிங்கில் இருக்கிறார். அண்ணன் விழுந்த பிறகு ஒரே ஒரு தடவை வந்தார். கருவாட்டுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, முன்னறையிலேயே உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் சாப்பிட்டார். அண்ணன் படுத்திருந்த அறையின் வாசற்படி வரைக்கும்தான் போனார். "ஐயோ அண்ணே" என்று அங்கிருந்தே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மூத்த மகன், அதாவது என் கணவரின் அண்ணன், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். குடியிருப்பாளர் சங்கத் தலைவர். அப்பாவைப் பார்க்க வருவதைவிடச் சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வருவது அதிகம். காக்கை என்றால் அவருக்கு ஆகாது. அவர் புதுக் கார் நிற்கிற மரத்தடி காக்கைகளுக்குப் பிடித்த இடம். மாமியாருக்கோ சோற்றில் முதல் பிடியைப் பின்சுவரில் வைக்காமல் சாப்பாடு இறங்காது. அவர் கையைப் பார்த்ததும் நாலைந்து காக்கைகள் இறங்கிவிடும். மாடியிலிருந்து அவற்றைப் பார்த்துத்தான் கழுத்து இறகில் ஒரு சாம்பல் நிறம் இருப்பதையே கண்டுபிடித்தேன்.

மாமனார் ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் ஒழுங்காக நடந்தது. கருமாதிக்கு நாள் குறித்தார்கள். அப்போதுதான் மூத்தவர் வந்து முன்னறையில் நின்று அந்த மகா யோசனையைச் சொன்னார்.

"கருமாதிக்கு நெறைய பேரு வருவாங்க. கூடாரம் போட்டு சாப்பாடு வைக்கிறோம். மேலேருந்து காக்கா எச்சம் போட்டா அசிங்கமா இருக்கும்லா. டவுன் கவுன்சில்ல சொல்லிட்டேன், ஆளுங்க வந்து சுட்டு கிளீன் பண்ணிடுவாங்க."

கருமாதி என்றால் என்ன, அன்றைக்கு முதல் விருந்தாளி யார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். படையல் இலையைக் காக்கை தொட்ட பிறகுதான் வீட்டில் வாய் நனையும். காக்கை தொட்டால் இறந்தவர் மனம் நிறைந்து போய்விட்டார் என்று பொருள். கருமாதிக்காகவே காக்கைகளைச் சுடச் சொல்லிவிட்டு வந்து நிற்கிறார் மனிதர், அதுவும் பெருமையாக. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த ஆட்கள் ஒரு காலை வந்தார்கள். சட்டைக்கு மேல் மஞ்சள் மேலாடை, கையில் நீளத் துப்பாக்கி. முதல் வெடிக்கே ஒன்று பின்சந்தில் விழுந்தது. மற்றவை ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். இல்லை, விழுந்ததற்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தின. அப்படி அவை கூடக் கூட இவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. கடைசியில் சத்தம் அடங்கியதும் சாக்கில் அள்ளி லோரியில் போட்டார்கள். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது, இறக்கை பிய்ந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. ஒரு வருடமாக நுனிக் கிழிசல் நுனிக் கிழிசல் என்று வரைந்தவள் நான். அன்றைக்கு ஓர் இறகுகூட வரையவில்லை. மூத்தவர் காலி மரத்தைப் படமெடுத்து, தாமான் வாட்ஸப் குழுவில் கட்டைவிரலோடு போட்டார். கீழே ஒரு முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் மாமியார் கையில் சோற்றோடு பின்வாசலில் வெகுநேரம் நின்றார். "நாளைக்கு வந்துரும்ல?" என்று கேட்டார். வரும் என்றேன். வரவில்லை.

கருமாதி அன்று பண்டாரம் செய்ய வேண்டிய சடங்கைச் செய்துவிட்டு அடுத்த துக்க வீட்டுக்குக் கிளம்பிப் போனார். மாமனாருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் விழுந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, வடை. பக்கத்தில் ஒரு கிளாஸ் கறுப்பு பீர். அவர் ஆயுள் முழுக்கக் குடித்த அந்தக் கசப்பும் அயர்லாந்திலிருந்து வந்ததுதான். மூத்தவர் இலையைத் தூக்கிக்கொண்டு பின்சுவருக்குப் போனார். இலை வெளியே போனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் சாப்பாடு என்பது மாமியாரின் பழக்கக் கணக்கு. அவர் சர்க்கரைக்காரர். உள்ளே போய் வயிற்றில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போட்டால் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். அதற்கு முந்தைய வருடம் ஒருமுறை அப்படிச் சாய்ந்து, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம்.

"கா, கா" என்று மூத்தவர் கூப்பிட்டார். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

என் கணவர் கூப்பிட்டார். மைத்துனன்மார், மருமகன்மார், கூடாரத்தில் உட்கார்ந்திருந்த யார் யாரோ எல்லாம் எழுந்து வந்து கூப்பிட்டார்கள். ஒருவர் கைப்பேசியில் காக்கைச் சத்தம் தேடி உரக்க வைத்தார். பின்வீட்டுச் சீனக் கிழவர் மாடியில் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு மைனா வந்தது. தத்தித் தத்தி இலைப் பக்கம் போய் ஒரு பருக்கையைக் கொத்தியது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. மூத்தவர் துண்டை வீசி அதை விரட்டினார்.

"மைனாலாம் கணக்குல இல்ல."

"அலமாக், மலேசியாவுல மைனாவே போதும்லா," என்றது கூடாரத்திலிருந்து ஒரு குரல். பசிக்கிற குரல்.

பிறகு ஒரு அறிவாளி, காக்கை வராவிட்டால் காக்கை இருக்கிற இடத்துக்கு நாம் போகலாமே என்றார். பாசாரில், மீன் சந்தைப் பக்கம், குப்பைத் தொட்டி இருக்கிறது, அங்கே எப்போதும் இருக்கும். உடனே வேறு கொஞ்சம் சோறும் கறியும் அள்ளி, கடையில் பார்சல் வாங்குகிற மாதிரி, தாப்பாவ் கட்டினார்கள். செத்தவருக்குத் தாப்பாவ்! மூத்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார, என் கணவர் காரை ஓட்டினார். திரும்பி வந்ததும் நடந்ததை அவர்தான் என்னிடம் முணுமுணுத்தார். தொட்டியைச் சுற்றிக் காக்கைகள் இருந்தனவாம். மீன் குடலைக் கொத்திக்கொண்டிருந்தனவாம். இவர்கள் பொட்டலத்தைப் பிரித்து வைக்க, ஒன்று வந்து பார்த்துவிட்டுக் குடலுக்கே திரும்பிப் போய்விட்டதாம்.

"உங்கப்பா சோத்த மீன் கொடலு பக்கத்துல வச்சீங்களா?" என்றேன்.

"வேற என்ன பண்ணச் சொல்ற?" என்றார். இந்த மனிதரோடுதான் குடித்தனம்.

அங்கேயும் தொடவில்லை என்ற சேதி கூடாரத்துக்குப் போனதும் பேச்சு மாறிவிட்டது. அதுவரைக்கும் காக்கை இல்லை என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது இறந்தவர் வரமாட்டேன் என்கிறார் என்று ஆகிவிட்டது. மூத்தவர் சுவரைப் பார்த்துக் கைகூப்பி, "அப்பா, அம்மாவப் பத்திக் கவலப்படாதீங்க, தம்பி பாத்துக்குவான்" என்று வாக்குக் கொடுத்தார். தம்பி! தான் என்று சொல்ல வாய் வரவில்லை பாருங்கள். என் பக்கத்தில் நின்ற அவர் மனைவி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மாமியார் கூடாரத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. விரல்கள் லேசாக நடுங்கின. நான் ஓடிப்போய்ச் சீனித் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தேன்.

"குடிங்க அத்தே."

"அவரு சாப்பிடாம நான் எப்படிம்மா?"

"ஊசி போட்டுட்டீங்க. இது சாப்பாடு இல்ல, மருந்து மாதிரி."

வேண்டாம் என்று தலையாட்டினார். வற்புறுத்தி ஒரு மிட்டாயைக் கையில் வைத்தேன். அதைப் பிரிக்காமல் உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டார். கூட்டத்தில் அத்தனை கண்ணும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அயர்லாந்துக் கதைகளில் இன்னொன்று உண்டு. படுகாயம் பட்ட ஒரு வீரன், விழுந்து சாகக் கூடாது என்று ஒரு கல்தூணோடு தன்னைக் கட்டிக்கொள்வான். எதிரிகள் தூரத்திலேயே நிற்பார்கள். செத்தானா, நடிக்கிறானா? கிட்டே போக ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை. ஒரு காக்கை வந்து அவன் தோளில் உட்கார்ந்த பிறகுதான் நெருங்குவார்கள். கோழைகள் என்று படிக்கும்போது நினைத்தேன். அன்றைக்குப் பின்சுவருக்கு முன்னால் நின்றபோது அவர்களே தேவலை என்று பட்டது. அவர்கள் வாளுக்குப் பயந்தார்கள். காக்கை அவர்களுக்குச் சொன்னதும் ஒரே சேதிதான், ஆள் செத்துவிட்டான். எங்கள் வீட்டிலோ வராத காக்கைக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம், அத்தனையும் ஒரு கிழவியின் தலையில் போய் விழுவதற்காகவே தயாராக இருந்தது.

அந்தத் தலையில் போட்டவர் மெர்சிங் தங்கை. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"அண்ணனுக்கு மனசு ஆறல. நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நான் வந்திருந்த அன்னிக்கு, அண்ணி உள்ள நின்னு 'போயிருங்களேன், போயிருங்களேன்'னு சொன்னத என் ரெண்டு காதாலயும் கேட்டேன். படுத்துக் கெடக்கிற மனுசன்கிட்ட சொல்ற வார்த்தையா அது?"

கூடாரம் 'ச்சு' கொட்டியது. மாமியார் மறுக்கவில்லை. சொல்லியிருப்பார். நானாயிருந்தால் அதைவிட மோசமாகச் சொல்லியிருப்பேன். கதவுக்கு இந்தப் பக்கம் கறிபாப் சாப்பிட்டவருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அலசிய சத்தம் விழவில்லை, நாற்றத்துக்குத்தான் மூக்கைப் பொத்தியாயிற்றே.

"அண்ணி, நீங்க கேட்டாத்தான் அவரு வருவாரு. எந்திரிச்சுப் போயி அந்தச் செவுத்துக்கு முன்னால விழுந்து மன்னிப்புக் கேளுங்க. நாங்கல்லாம் இருக்கோம், கேளுங்க."

"ஆமாம்மா, ஒரு வார்த்த கேட்டுருங்க," என்றார் மூத்தவர். "ஜனம் பசியோட உக்காந்திருக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "காக்காவச் சுடச் சொன்னது யாரு அத்தான்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கூச்சலாகத்தான் கேட்டது. "போன வாரம் கிளீன் பண்ணிட்டேன்னு படம் போட்டீங்களே, அப்ப மாமா மனசு நெறஞ்சு இருந்துச்சா? சாக்குல அள்ளி லோரில ஏத்துனதுல ஒண்ணு அவரா இருந்தா என்ன செய்வீங்க?"

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், முப்பது பேர் கைகூப்பிய விஷயம்தானே.

"சுட்டது கவுன்சில் ஆளுங்க. நானா துப்பாக்கி புடிச்சேன்?" என்றார் மூத்தவர். "ஊருல இருக்கிற எல்லாக் காக்காவுமா செத்துருச்சு? வரணும்னு இருந்தா எங்கேருந்தாவது வந்திருக்கும். சடங்கு நடக்கிற எடத்துல இப்படியா பேசுறது?"

"விடேன்," என்றார் என் கணவர் என் காதருகே. "அம்மா ஒரு தடவ கேட்டுட்டா முடிஞ்சுரும்ல."

நான் அவர் பக்கத்திலிருந்து விலகி நின்றேன். வருடக்கணக்கில் தன் அப்பாவின் அசிங்கத்தை அள்ளியவள், தன்னைப் பெற்றவள், மயங்கி விழப்போகிற நிலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை மண்ணில் விழச் சொல்லி முடித்துவிட்டால் இவர்களுக்குப் பிரியாணி கிடைத்துவிடும். போர்க்களத்தில் பிணம் தின்னும் பறவைகள் என்று அந்தக் கதைகளில் நிறையப் படித்தேன். அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இறகு இல்லை, அது ஒன்றுதான் குறை.

மாமியார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். கால் தடுமாறியது. நான் பிடித்துக்கொண்டேன். "விடும்மா, நான் போறேன்," என்றார். கூட்டம் வழி விட்டது. மெர்சிங் தங்கை முந்தானையை எடுத்துத் தயாராகக் கண்ணில் வைத்துக்கொண்டார். ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். மூத்தவர் சுவரைப் பார்த்து, "அப்பா, அம்மா வர்றாங்க," என்று அறிவித்தார்.

அத்தே வேண்டாம், விழாதீங்க என்று கத்த எனக்கு வாய் வந்துவிட்டது. அவர் சுவருக்கு முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். நடுங்கும் விரலால் சோற்றில் பிரட்டலைப் பிசைந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

"அம்மா!" என்றார் மூத்தவர்.

"எனக்குப் பசிக்குதுப்பா," என்றார் மாமியார்.

"அண்ணி, அது அண்ணனுக்கு வச்சது! மன்னிப்புக் கேக்கச் சொன்னா எலையவே எடுத்துத் திங்கிறீங்களே!"

மாமியார் முட்டையைப் பிட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். கிளாஸை எடுத்துக் கறுப்பு பீரில் ஒரு மடக்குக் குடித்து முகம் சுளித்தார். பிறகு நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிப்புன்னா அவரு வந்து என்கிட்ட கேக்கட்டும். வூடு தெரியும்ல அவருக்கு."